சுத்தியலுக்கு முன்னாடி ரெண்டு முழம் கயிறை எடுங்க

இருபது வருஷத்துக்கு மேல பைக் பட்டறை வச்சிருக்கேன். வேற யாரோ பாதி பிரிச்சுட்டு முடியாம என்கிட்ட வர்ற இன்ஜின்ல தேஞ்ச பார்ட்டை விட அடி வாங்குன பார்ட்தான் ஜாஸ்தி. கிளட்ச் நட்டுல உளி வச்சு தட்டுன தழும்பு, கிராங்க் முனையில மாட்டியிருக்கற காந்த சக்கரமான மேக்னட்டை அடிச்சு அடிச்சு அந்த முனையில மரை நசுங்கிப் போயிருக்கும், பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும். சரியான டூல் வாங்க காசில்லன்னு சொல்றாங்க, ஆனா அந்த டூல்ல பாதியை பட்டறை ஓரத்துல கிடக்கற கழிவுலயே செஞ்சுக்கலாம்.

முதல்ல கயிறு. நட்டு கழட்டும்போது கிராங்க் சுத்தாம நிக்கணும், அதுக்கு திருப்புளியை பல்சக்கரத்துல சொருகாதீங்க. ரெண்டு முழம் நைலான் கயிறு எடுத்து, பிளக் ஓட்டையில தாராளமா போற தடிமன்ல, முனையை நெருப்புல காட்டி உருக்கிடுங்க, இல்லன்னா நூல் பிரிஞ்சு உள்ளயே தங்கிடும். வெளி முனையில ஒரு முடிச்சு. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்னா ரெண்டு வால்வும் மூடியிருக்கணும், நட்டு கழலற பக்கமா கிராங்க் சுத்துனா பிஸ்டன் மேல ஏறணும், அந்த நிலையில வச்சு கயிறை திணிச்சீங்கன்னா பிஸ்டன் மெத்தை மேல மோதுன மாதிரி நின்னுடும். வால்வு திறந்திருக்கும்போது விட்டா வால்வு தண்டு வளைஞ்சிடும். பழைய எக்ஸ்எல் சூப்பர் மாதிரி ரெண்டு ஸ்ட்ரோக்ல பிஸ்டன் ஏறி, சிலிண்டர் சுவத்துல இருக்கற வழியான போர்ட் எல்லாம் மூடுன பிறகுதான் கயிறு விடணும், இல்லன்னா போர்ட்டுக்குள்ள கயிறு மாட்டி அறுந்துடும்.

கிளட்ச் ஹப்பை பிடிக்க தேஞ்சு போன கிளட்ச் ஸ்டீல் பிளேட் ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணா பல்லு சேர வச்சு வெல்டிங் பண்ணி, ஒன்றரை அடி பட்டையை கைப்பிடியா வச்சுட்டா போதும். அதே மாடல் பிளேட்டா இருக்கணும், அவ்வளவுதான். பழைய பிளேட்டை எடைக்குப் போடறவங்க ஒரு ஜோடியை மட்டும் எடுத்து வைங்க.

வால்வு லாக், அதாவது ஸ்பிரிங்கை வால்வு தண்டுல பிடிச்சு வைக்கற சின்ன துண்டு, அதை கழட்டற விஷயம்தான் நான் ரொம்ப வலியுறுத்தி சொல்றது. ஒரு தடவை பாக்ஸ் ஸ்பானரை ஸ்பிரிங் மேல வச்சு தட்டி கழட்டுனேன், லாக் தெறிச்சு வேலை கத்துக்கற பையன் புருவத்துல பட்டு மூணு தையல், ஒரு விரல் அகலம் கீழ பட்டிருந்தா கண்ணு. அன்னைக்கே ஒரு சி கிளாம்ப் வாங்கி, ஸ்பிரிங் தட்டு அளவுக்கு சின்ன பைப் துண்டை வெட்டி, பக்கவாட்டுல லாக்கை எடுக்க ஜன்னல் மாதிரி அறுத்து, கிளாம்ப் ஸ்க்ரூ முனையில வெல்டிங் வச்சேன். ஸ்பிரிங் மெதுவா அமுங்கும், லாக்கை காந்தத்தால எடுத்துடலாம். அப்பவும் கண்ணாடி போட்டுக்கங்க. பைப் எடுக்கறப்ப ஜிஐ பைப் வேணாம், வெல்டிங் வச்சா மேல இருக்கற துத்தநாகம் புகையா வரும், சாயங்காலம் குளிர் காய்ச்சல்ல படுத்துடுவீங்க. சாதா இரும்பு பைப்பே எடுங்க.

பிஸ்டன்ல ரிங் உக்கார்ற காடியை சுத்தம் பண்ண உடைஞ்ச பழைய ரிங்கோட முனையே போதும், கரியை மட்டும் சுரண்டுங்க, அலுமினியத்தை சுரண்டாதீங்க.

எல்லாத்தையும் வீட்லயே செய்யலாம்னு சொல்லல. மேக்னட் புல்லரை கடையில வாங்குங்க, அந்தந்த மாடலுக்கு மரை வேற, ஓரத்துல கொக்கி போட்டு இழுத்தா மேக்னட் விரிசல் விடும். எவ்வளவு இறுக்கறோம்னு அளவு காட்டற டார்க் ரெஞ்சுக்கும் மாத்து கிடையாது, ஹெட் போல்ட்டை கை கணக்குல இறுக்கி மரையோட பிடுங்கிட்டு வந்த இன்ஜின் இப்பக்கூட என் பெஞ்ச் மேல இருக்கு.

வேலை முடிஞ்சதும் கயிறு முழுசா வெளிய வந்துச்சான்னு முடிச்சுலருந்து முனை வரைக்கும் பாத்துட்டு, அப்புறம் பிளக்கை மாட்டுங்க.