பேட் செக்டர் வந்த டிஸ்க்கை ரிப்பேர் செய்ய உட்காராதீர்கள், முதலில் காப்பி எடுங்கள்

போன மே மாதம் ஏற்காட்டில் இருந்து ஒரு எஸ்டேட் ரைட்டர், இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் ஐந்து ரோடு பக்கம் இருக்கும் எங்கள் சர்வீஸ் கடைக்கு வந்தார். சிபியூ பெட்டியைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே 1 டிபி ஹார்ட் டிஸ்க். பழைய நோட்டுகளைப் பார்த்து அவரே நாள் நாளாக ஏற்றிய மழை அளவு, காபி பறிப்புக் கூலிக் கணக்கு எல்லாம் அதில்தான் இருந்தன.

"தம்பி, ஒரு ஃபோல்டர் திறக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. யாரோ சொன்னாங்கன்னு விண்டோஸ்லயே இருக்கிற செக் டிஸ்க் போட்டேன். ராத்திரி பூரா ஓடுச்சு, விடியக்காலைல இடி மழைல கரண்ட் போயிருச்சு. இப்ப ஒண்ணுமே வரல."

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இதே கதையோடு வருகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

டிஸ்க்கில் டேட்டா, செக்டர் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கிறது. பழைய டிஸ்க்கில் ஒரு செக்டர் 512 பைட், 2011-க்கு அப்புறம் வந்தவற்றில் பெரும்பாலும் உள்ளே 4096 பைட். ஒரு செக்டரைப் படிக்க முடியவில்லை என்றால், அதாவது அது பேட் செக்டர் ஆகிவிட்டால், டிஸ்க் உடனே கைவிடாது, திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நிற்பதும், காப்பி வேகம் பூஜ்யத்துக்கு இறங்கி மறுபடி ஏறுவதும் அதனால்தான். ஒவ்வொரு டிஸ்க்கிலும் கொஞ்சம் உபரி செக்டர்கள் ஒதுக்கியிருப்பார்கள், கெட்டுப்போனதற்குப் பதிலாக அதில் ஒன்றை டிஸ்க் தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் கெட்ட செக்டரில் இருந்ததைப் படிக்கவே முடியவில்லை என்றால் எதை அந்த உபரி இடத்தில் எழுதுவது? அதனால் அதை 'பெண்டிங்' என்று குறித்து வைத்துவிட்டுக் காத்திருக்கும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இதைப் பார்க்கலாம். 05 என்ற வரி மாற்றப்பட்ட செக்டர்கள், சி5 பெண்டிங், சி6 சரிசெய்ய முடியாதவை. சி5-இல் ஒன்று இருந்தாலும் உங்கள் ஏதோ ஒரு ஃபைலில் ஓட்டை விழுந்திருக்கலாம் என்று அர்த்தம். ஒரு விஷயம், அதில் எண்கள் ஹெக்ஸாடெசிமலில் வரும், 10 என்று தெரிந்தால் அது 16. டேட்டா வரும் வழியில் நேர்ந்த பிழைகளைக் காட்டும் சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால், பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் கோளாறுதான், அதை மாற்றிப் பாருங்கள், வீணாகப் பயப்பட வேண்டாம்.

இப்போது செக் டிஸ்க்குக்கு வருகிறேன். கட்டளையோடு '/r' சேர்த்து ஓட்டினால் அது அந்த டிரைவில் உள்ள எல்லா செக்டர்களையும் படித்துப் பார்க்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு இதைவிடப் பெரிய சுமை கிடையாது. அதன் வேலை ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பதிவை, ஒழுங்கு செய்வது, உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது இல்லை. ஒத்துவராத பதிவுகளை வெட்டிவிட்டு, மிச்சத்தை 'ஃபவுண்ட்.000' என்ற ஃபோல்டரில் பெயரில்லாத துண்டுகளாகப் போட்டுவிடும். சரி, ஃபார்மட் போட்டதும் பேட் செக்டர் போய்விட்டதே என்பார்கள். போகும்தான். முழு ஃபார்மட் எல்லா இடத்திலும் பூஜ்யத்தை எழுதுகிறது, புதிதாக எழுத ஒன்று கிடைத்ததும் டிஸ்க் பெண்டிங் செக்டரை மாற்றிக்கொள்கிறது. அதோடு உங்கள் பிள்ளையின் காதுகுத்துப் போட்டோவும் போய்விடுகிறது.

அதனால், சந்தேகம் வந்ததும் முக்கியமான ஃபோல்டரை மட்டும் வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். நடுவில் நின்றுவிட்டால் வற்புறுத்தாதீர்கள், ஆஃப் செய்துவிடுங்கள். அதற்கு மேல் நாங்கள் செய்வது, லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, கெட்ட டிஸ்க்கை முழுசாகக் காப்பி எடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ஓட்டுவது. அது முதலில் நன்றாக இருக்கும் இடங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு, கெட்ட இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில்தான் அங்கே திரும்பி வரும். எதுவரை படித்தது என்று ஒரு மேப் ஃபைலில் எழுதி வைப்பதால் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். நீங்களே செய்வதாக இருந்தால் எது பழைய டிஸ்க், எது புதிய டிஸ்க் என்று மூன்று முறை பாருங்கள், மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் உங்கள் டேட்டாவின் மேல் எழுதப்பட்டுவிடும்.

டிக் டிக் என்று சத்தம் வந்தால் இதுவும் வேண்டாம். டேட்டாவைப் படிக்கும் ஹெட் போயிருக்கலாம், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டேட்டா இருக்கும் தட்டைக் கீறலாம். ஃப்ரீசரில் வைப்பது, மூடியைக் கழற்றிப் பார்ப்பது எல்லாம் தயவுசெய்து வேண்டவே வேண்டாம். ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடையில் சில நானோமீட்டர்தான் இடைவெளி, ஒரு தூசி போதும். தூசி இல்லாத க்ளீன் ரூம் வைத்திருப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

ரைட்டர் அண்ணனின் டிஸ்க் மூன்று நாள் ஓடியது. எடுத்த முழு காப்பியில் (இமேஜ்) தேடியதில் மழைக் கணக்கு முழுசாகத் திறந்தது, கூலிக் கணக்கில் ஒரு ஃபைல் மட்டும் வரவில்லை. செக் டிஸ்க் போடாமல் வந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். "அந்தப் பழைய டிஸ்க்கை வீட்ல படம் போட்டு வைக்கவாவது வச்சுக்கட்டுமா?" என்று கேட்டார். 05 எண் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் வைத்துக்கொள்ளலாம் என்று சிலருக்குச் சொல்வதுண்டு. அவருடையது எங்கள் மேஜை மேலேயே ஏறிக்கொண்டிருந்தது. வேண்டாம் அண்ணா என்றேன்.