குமிழி நின்றதை நம்பி ஒயினைப் பாட்டிலில் அடைக்காதீர்கள்

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னிடம் ஒயின் செய்யப் பழகிய ஒருவர் போன் செய்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். அன்று குரல் நடுங்கியது. "அக்கா, படிக்குக் கீழ இருக்கிற அலுமாரிக்குள்ள ரெண்டு போத்தல் வெடிச்சுப் போச்சு. கதவு பூட்டியிருந்தபடியால் தப்பினம். மகள் அதுக்கு முன்னாலதான் இருந்து விளையாடுறவள்."

இங்கிலாந்தில் உணவு நுண்ணுயிரியல் கற்பிப்பது என் தொழில். வாரத்தில் ஒரு மாலை, வீட்டில் ஒயின் செய்யக் கற்க விரும்புகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். இந்த நாட்டில் சொந்த வீட்டுத் தேவைக்கு ஒயின் செய்ய உரிமம் வேண்டாம், விற்கத்தான் கூடாது. ஆகஸ்ட் கடைசியில் வேலியோரமெல்லாம் பிளாக்பெர்ரி கறுத்துப் பழுத்திருக்கும். பறித்துவந்து, சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, டெமிஜான் எனும் 4.5 லிட்டர் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, வாயில் ஏர்லாக் (உள்ளே உண்டாகும் வாயுவைக் குமிழியாக வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சிறிய நீரடைப்பு) செருகி வைப்பார்கள். அருமையான பொழுதுபோக்கு. அதை யாரும் காயத்தோடு முடிக்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

வகுப்பின் முதல் நாள் தமிழர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதில் மெத்தனால் வந்துவிடாதா?" 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அங்கே உயிரைக் குடித்தது பழம் நொதித்து உண்டான மெத்தனால் அல்ல, சாராயத்தில் கலந்த மெத்தனால். பழத்திலுள்ள பெக்டின் எனும் நார்ப்பொருளிலிருந்து ஒயினில் சிறிதளவு மெத்தனால் வரத்தான் செய்யும். கடையில் வாங்கும் ஒயினிலும் அது இருக்கிறது; சிவப்பு ஒயினுக்குச் சர்வதேச வரம்பே லிட்டருக்கு 400 மில்லிகிராம். வெறும் நொதித்தலில் பயப்படும் அளவுக்கு அது சேராது. காய்ச்சி வடிக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். உரிமமில்லாமல் வடிப்பது இங்கேயும் குற்றம், தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

மெத்தனாலைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு யாரும் கரியமில வாயுவைப் பற்றிக் கேட்பதில்லை. கோடையில் இட்லி மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையெல்லாம் வழிவதைப் பார்க்காதவர்கள் நம்மில் யார்? அதைச் செய்வதும் இதே வாயுதான். ஒரு கிலோ சர்க்கரையை ஈஸ்ட் முழுக்கத் தின்று முடித்தால் பாதி ஆல்கஹால், பாதி வாயு. அந்த அரை கிலோ வாயு அறை வெப்பத்தில் 250 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். ஏர்லாக் இருக்கும்வரை அது தன்பாட்டுக்கு வெளியேறிவிடும். பாட்டிலில் தக்கை இறுக்கினால் எங்கே போகும்?

ஷாம்பெயின் செய்கிறவர்கள் இதைத் தெரிந்தே செய்கிறார்கள். லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரை சேர்த்து அடைத்தால் உள்ளே ஆறு வளிமண்டல அழுத்தம் உருவாகும். அதற்காகவே அந்தப் பாட்டில் கனமாக இருக்கிறது, தக்கையைக் கம்பியால் கட்டுகிறார்கள். சாதாரண ஒயின் பாட்டிலுக்கு அந்தத் திராணி கிடையாது.

எனக்குப் போன் செய்தவர் வீட்டில் நடந்தது இதுதான். தீபாவளிக்குள் ஒயின் தயாராக வேண்டும் என்று அவசரம். அக்டோபரில் குளிர் இறங்கியதும் ஏர்லாக்கில் குமிழி நின்றுபோனது. முடிந்துவிட்டது என்று ஆறு பாட்டில்களில் அடைத்துவிட்டார். இனிப்பாக இருந்ததில் வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அந்த இனிப்புத்தான் ஆபத்தின் அறிகுறி. சர்க்கரை மிச்சமிருந்தது, ஈஸ்ட் சாகவில்லை, குளிரில் மந்தமாகிக் கிடந்தது. வசந்தத்தில் வீடு சூடானதும் விட்ட இடத்திலிருந்து தின்னத் தொடங்கியது.

ஆகவே குமிழியை எண்ணாதீர்கள். ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள், சில பவுண்டுதான். சாற்றில் மிதந்து, தண்ணீரை 1.000 என்று வைத்து அதன் அடர்த்தியைக் காட்டும் அளவி அது; சர்க்கரை குறையக் குறைய எண் இறங்கும். தொடக்கத்தில் 1.085 காட்டும் சாறு, சர்க்கரை தீர்ந்தபின் 0.995 அளவுக்கு இறங்கும். இரண்டின் வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம், இங்கே சுமார் 12. அளவி மேல் குமிழி ஒட்டினால் எண் தவறாகக் காட்டும், சுழற்றிவிட்டுப் பாருங்கள். 1.000-க்குக் கீழே இறங்கி, ஒரு வாரத்தில் மூன்று முறை பார்த்தும் அதே எண் இருந்தால்தான் பாட்டில். இனிப்பு வேண்டுமென்றால் அதற்குப் பிறகு பொட்டாசியம் சோர்பேட், சல்ஃபைட் என்ற இரண்டு பதப்பொருள்களையும் போட்டு, அப்புறம் சர்க்கரை சேருங்கள். சோர்பேட் ஈஸ்டைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும். நொதிக்கும் நடுவில் போட்டுப் பயனில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுக்கும்போது சல்ஃபைட் சேர்த்திருப்பதைச் சொல்லிவிடுங்கள். சிலருக்கு அது மூச்சிழுப்பை உண்டாக்கும்.

பாத்திரம் பற்றி நம் அம்மாக்கள் சொன்னதே போதும். ஈயம் பூசாத பித்தளையில் புளி கரைக்க விடுவார்களா? பழச்சாறும் புளிப்புத்தான். பித்தளை, செம்பு, அலுமினியம், மெருகில் காரீயம் (lead) இருக்கக்கூடிய பழைய பீங்கான் ஜாடி எதுவும் வேண்டாம். கண்ணாடி, எவர்சில்வர், உணவுத் தரப் பிளாஸ்டிக் போதும். எல்டர்பெர்ரி எனும் கறுப்புக் காட்டுப்பழம் பறித்தால் காம்பையும் பச்சைக் காயையும் நீக்கிவிட்டுப் பழத்தைக் கொதிக்கவையுங்கள். பச்சையாக அதில் சயனைடை வெளிவிடும் பொருள்கள் உண்டு. உருளைக்கிழங்கில் மது செய்ய வேண்டாம். 2011-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலச் சிறையில் கைதிகள் உருளைக்கிழங்கு சேர்த்து ரகசியமாகச் செய்த மதுவால் எட்டுப் பேருக்கு பாட்டுலிசம் எனும், நரம்புகளை முடக்கும் நச்சு நோய் வந்தது.

தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று. அங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமில்லாமல் வீட்டில் ஒயின் செய்வது குற்றம். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களும் அங்கே செய்து காட்ட முயல வேண்டாம்.

அன்று போனிலேயே அவரிடம் சொன்னேன், மிச்ச நான்கு பாட்டில்களையும் தொடாதீர்கள், பிள்ளையை வேறு அறைக்கு அனுப்புங்கள், ஜன்னல்களைத் திறந்து வீட்டைக் குளிரவிடுங்கள் என்று. குளிரக் குளிர அழுத்தம் குறையும். மாலையில் நான் போனேன். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பாட்டிலையும் ஈரத் துவாலையால் சுற்றி, முகத்துக்கு எட்டத் தோட்டத்தில் வைத்துத் திறந்தோம். நான்கும் சீறின. அளவி 1.006 காட்டியது. டெமிஜானில் திரும்ப ஊற்றி ஏர்லாக் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை அவரிடமிருந்து ஒரு வீடியோ: ஏர்லாக்கில் சீராகக் குமிழி வந்துகொண்டிருந்தது.