நகர எல்லையில் நிற்காத நுண்துகள்: தூய காற்றுத் திட்டத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கு நகரங்களும் மத்திய அரசின் தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் இருக்கின்றன. நாடு முழுவதும் இப்படி 130 நகரங்கள். 2019 ஜனவரியில் தொடங்கியபோது, காற்றில் மிதக்கும் நுண்துகளை 2017ஆம் ஆண்டு அளவிலிருந்து 20 முதல் 30 சதவீதம் வரை 2024க்குள் குறைப்பது இதன் இலக்கு. பிறகு இலக்கை உயர்த்தினார்கள்: 2025–26க்குள் பிஎம் 10 அளவை 40 சதவீதம் வரை குறைக்க வேண்டும், அல்லது தேசிய வரம்புக்குள் கொண்டுவர வேண்டும்.

பிஎம் 10 என்பது 10 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் கொண்ட துகள். சாலைப் புழுதியும் கட்டுமானத் தூசும் பெரும்பாலும் இதில் அடங்கும். பிஎம் 2.5 இன்னும் நுண்ணியது; தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கும் தொண்டையும் இதைத் தடுப்பதில்லை. நுரையீரலின் அடியாழம் வரை சென்று, அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், ஆஸ்துமா எல்லாவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. ஒரு கனமீட்டர் காற்றில் பிஎம் 2.5 ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது 2009இல் இந்தியா வகுத்த வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு வெறும் 5. நம் ஊர்க் காற்று 'வரம்புக்குள்' இருக்கிறது என்று செய்தி வந்தால், எந்த வரம்பு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பட்டியலில் ஒரு நகரம் எப்படி இடம்பெறுகிறது? தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் தேசிய வரம்பைத் தாண்டிய நகரங்களும், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெருநகரங்கள் சிலவும் சேர்க்கப்பட்டன. வரம்பைத் தாண்டியது தெரிய வேண்டுமென்றால் அங்கே அளக்கும் கருவி இருக்க வேண்டும். கையால் இயக்கும் கண்காணிப்பு நிலையம் ஒன்றில் நடப்பது இதுதான்: வெள்ளை நிற வடிதாளை முதலில் எடை போடுகிறார்கள். கருவியில் பொருத்தி, காற்றை மணிக்கணக்கில் அதன் வழியாக இழுக்கிறார்கள். சாம்பல் நிறமாகிவிட்ட தாளை எடுத்து மறுபடி எடை போடுகிறார்கள். கூடிய எடையை, இழுத்த காற்றின் அளவால் வகுத்தால் வருவதுதான் ஒரு கனமீட்டர் காற்றில் இருக்கும் துகளின் அளவு. வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் இப்படி அளப்பது முறை. கருவியே இல்லாத சிற்றூரின் காற்று எவ்வளவு கெட்டிருந்தாலும் அது எந்தப் பட்டியலிலும் வராது.

இத்திட்டத்தின் பெரிய குறை இங்கேதான் தொடங்குகிறது. செயல்திட்டம் நகரத்துக்கு எழுதப்படுகிறது, நிதி நகரத்துக்குப் போகிறது, மதிப்பெண்ணும் நகரத்துக்கே. நுண்துகளோ நகரத்தில் மட்டும் பிறப்பதில்லை. புகைபோக்கியிலிருந்தும் வாகனத்திலிருந்தும் நேரடியாக வெளிவருவது ஒரு பகுதிதான். அனல்மின் நிலையம் உமிழும் கந்தக டை ஆக்சைடும், வாகனங்களும் ஆலைகளும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெளிவரும்போது வெறும் வாயுக்கள். வயலில் இடும் யூரியாவிலிருந்தும் கால்நடைக் கழிவிலிருந்தும் எழும் அம்மோனியாவோடு அவை வானில் சேர்ந்து, அம்மோனியம் சல்பேட், அம்மோனியம் நைட்ரேட் என்று துகள்களாக மாறுகின்றன. அதற்கு மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் ஆகும். அதற்குள் காற்று பல மாவட்டங்களைக் கடந்துவிடும். ஒரு மாவட்டத்தின் வாயு இன்னொரு மாவட்டத்தின் துகளாகிறது. ஆற்றைக் காக்க நினைப்பவர்கள் படுகை முழுவதையும் கணக்கில் எடுப்பதுபோல, காற்றையும் அது உலவும் பரப்பு முழுவதற்குமாகத் திட்டமிட வேண்டும். வட்டாரத் திட்டமிடல் என்று வல்லுநர்கள் சொல்வது இதைத்தான்.

இது நடைமுறையில் முடியும். பெய்ஜிங் நகரம் தன் எல்லைக்குள் மட்டும் போராடிக்கொண்டிருக்கவில்லை. 2013இல் வந்த சீனாவின் செயல்திட்டம் பெய்ஜிங், தியான்ஜின், ஹெபெய் மூன்றையும் ஒரே வட்டாரமாக எடுத்துக்கொண்டு, மூன்றுக்கும் சேர்த்து இலக்கு வைத்தது. 2013இல் ஏறத்தாழ 90 மைக்ரோகிராமாக இருந்த பெய்ஜிங்கின் பிஎம் 2.5 ஆண்டுச் சராசரி 2017இல் 58 ஆனது.

இந்தியாவில் சட்ட பலத்தோடு இப்படி ஓர் ஏற்பாடு தில்லி வட்டாரத்துக்கு மட்டுமே இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த காற்றுத் தர மேலாண்மை ஆணையத்துக்குத் தில்லியை உள்ளடக்கிய தலைநகர் வட்டாரத்திலும், அதை ஒட்டிய பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசப் பகுதிகளிலும் அதிகாரம் உண்டு. அதன் ஆணையும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆணையும் முரண்பட்டால், ஆணையம் சொல்வதே செல்லும். மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பயிர்த்தாள் எரிக்கும் விவசாயிகளுக்கு இந்தத் தண்டனைப் பிரிவு பொருந்தாது. அவர்களிடம் சுற்றுச்சூழல் இழப்பீடு மட்டும் வசூலிக்கலாம். ஆணையத்தை எதிர்த்து முறையிட வேண்டுமானால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும்.

தில்லியில் 'மூன்றாம் நிலைக் கட்டுப்பாடு' என்று குளிர்காலத்தில் செய்தி வருமே, அதுவும் இந்த ஆணையத்தின் வேலைதான். காற்றுத் தரக் குறியீடு 201ஐத் தொட்டால் முதல் நிலை, 301இல் இரண்டாம் நிலை, 401இல் மூன்றாம் நிலை, 450ஐத் தாண்டினால் நான்காம் நிலை. நிலை ஏற ஏறக் கட்டுமானம், பழைய வாகனங்கள், லாரிகள் என்று கட்டுப்பாடு இறுகும். காய்ச்சல் ஏறிய பிறகு கொடுக்கும் மருந்து இது. தமிழ்நாட்டில் இந்தப் படிநிலை நடைமுறையில் இல்லை.

தூய காற்றுத் திட்டத்துக்கென்று தனிச் சட்டமும் இல்லை. நகரங்களுக்கு வந்த பணம் எங்கே போனது என்று அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் ஆராய்ந்தது. 64 சதவீதம் சாலைப் புழுதிக்கு: சாலை போடுதல், குழி மூடுதல், தண்ணீர் தெளித்தல். தொழிற்சாலைப் புகைக்கு 0.61 சதவீதம். புழுதியை அடக்குவது வீண் வேலை இல்லை. ஆனால் நிதிக்கான மதிப்பீடு பிஎம் 10ஐ வைத்தே நடப்பதால், உயிரைக் குடிக்கும் பிஎம் 2.5 பின்னுக்குப் போய்விட்டது. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

2025 ஜூலையில் வந்த மத்திய அரசு அறிவிக்கையும் அப்படித்தான். அனல்மின் நிலையங்களில் கந்தக வாயுவை நீக்கும் கருவி பொருத்த வேண்டும் என்ற பழைய விதியை அது தளர்த்தியது. தலைநகர் வட்டாரத்திலிருந்தோ பத்து லட்சம் மக்கள் வாழும் நகரத்திலிருந்தோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு மட்டும் கட்டாயம், பெரும்பான்மையானவற்றுக்கு விலக்கு. இருநூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்த புகைபோக்கியின் புகைக்கு 10 கிலோமீட்டர் ஒரு தூரமா?

சென்னையையே பாருங்கள். வடசென்னை அனல்மின் நிலையம் இருப்பது மாநகராட்சி எல்லைக்கு வெளியே, திருவள்ளூர் மாவட்டத்தில். நிலக்கரி இறங்கும் காமராஜர் துறைமுகமும் அந்தப் பக்கம்தான். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கிருந்து காற்று நகரை நோக்கி வருகிறது. மாநகராட்சி எத்தனை சாலைகளைக் கழுவினாலும் அந்தப் புகைபோக்கியிடம் கேள்வி கேட்க அதற்கு அதிகாரம் இல்லை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உண்டு. 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம், 17ஆம் பிரிவில், காற்று மாசைத் தடுக்க விரிவான திட்டம் வகுப்பதை வாரியத்தின் கடமையாகவே சொல்கிறது. அதன் அதிகார எல்லை முழு மாநிலம். அதனால் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒரே திட்டம் எழுதப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் அருகிலுள்ள நிலையத்தின் அளவைப் பார்க்கலாம், குறியீட்டு எண்ணோடு நிறுத்தாமல், பிஎம் 2.5 எவ்வளவு என்று தனியே பாருங்கள். உங்கள் நகரத்தின் செயல்திட்டத்தையும், வந்த நிதி எந்தெந்தத் தலைப்பில் செலவானது என்பதையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுக் கொடுத்துக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இவற்றைவிட வலுவானது பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். பெரிய ஆலை, மின் நிலையம், துறைமுக விரிவாக்கம் போன்ற பல திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி இது கட்டாயம். குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும்; ஆட்சியரோ அவர் அனுப்பும் உயர் அதிகாரியோ தலைமை வகிப்பார்; ஆய்வறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். கூட்டத்துக்கு முன்பே அதை வாங்கிப் படியுங்கள். எந்தப் பருவத்தின் காற்றுத் திசையை வைத்துக் கணக்கிட்டார்கள், ஏற்கெனவே அந்த வட்டாரத்தில் இருக்கும் ஆலைகளின் புகையையும் சேர்த்தார்களா, கந்தக வாயு பிறகு துகளாக மாறுவது கணக்கில் வந்ததா என்று கேளுங்கள். கேள்வியை எழுத்திலும் கொடுங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் அது பதிவாக வேண்டும். பக்கத்து மாவட்டத்துக்காரர் என்றால் தபாலிலும் கருத்தை அனுப்பலாம்.