பிரெஞ்சில் 98 வாங்கிய பிள்ளைக்கு ‘முட்டிக்கு மேலயா, கீழயா’ என்று கேட்கத் தெரியுமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை பெற்றோர்கள் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். “பொண்ணு பயாலஜி குரூப் சார். பிரெஞ்சுல 98. இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. மூணையும் சேர்த்து ஒரே டிகிரியா போட்டா கனடா போயிடலாமாமே?” யார் சொன்னது என்று கேட்டால், பெரும்பாலும் ஏதோ ஒரு சென்டரின் நோட்டீஸ். மேல்படிப்பு ஆலோசனை சொல்கிறவன் என்ற முறையில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே போட்டுவிடுகிறேன்.

மூன்றும் சேரும். நல்ல சேர்க்கையும்கூட. ஆனால் எல்லோரும் தொடங்குவது தப்பான இடத்தில், அந்த 98-இல்.

பிரெஞ்சு ‘ஸ்கோரிங்’ பாடம் என்று பிளஸ் ஒன்னில் தமிழை விட்டுவிட்டு மாறுகிறார்கள். ஸ்கோர் செய்து எங்கே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறீர்கள்? பி.எஸ்ஸி. நர்சிங், துணை மருத்துவப் படிப்புகளுக்கான அரசு கலந்தாய்வில் ரேங்க் வருவது இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணிலிருந்து. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு நீட். இன்ஜினியரிங்குக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர நான்கு பாடங்களின் 400. பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண். இதில் எந்தக் கணக்கிலாவது அந்த 98 இருக்கிறதா? மார்க் ஷீட்டில் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் அரசு வேலை என்றால் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். பத்தாம் வகுப்புத் தரம்தான், 40 சதவீதம் வாங்கினால் போதும். வாங்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாவதோடு தமிழ் எழுதுவதை நிறுத்திய பிள்ளை, டிகிரி முடித்து ஸ்டாஃப் நர்ஸ் தேர்வுக்குப் போய் உட்காரும்போது ஆறு வருஷ இடைவெளி. ஸ்டான்லி அரசு மருத்துவமனை வார்டில் நோயாளி எந்த மொழியில் பேசுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, 98 இருக்கிறது, மொழி இருக்கிறதா? மனப்பாடம் செய்து எழுதியது அது. காதில் விழுந்ததும் இல்லை, வாயில் வந்ததும் இல்லை. பல பிள்ளைகளின் நோட்டில் பிரெஞ்சு உச்சரிப்பு தமிழ் எழுத்தில் இருக்கிறது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். ‘மேலே’ என்பதற்கும் ‘கீழே’ என்பதற்கும் பிரெஞ்சில் கடைசி உயிரொலி மட்டும்தான் வேறு. உதட்டைக் குவித்து, நாக்கை ‘ஈ’ சொல்லும் இடத்தில் வைத்தால் மேலே. சாதாரண ‘ஊ’ என்றால் கீழே. தமிழில் எழுதினால் இரண்டுமே ‘ஓ தெசூ’. காயம் முட்டிக்கு மேலேயா கீழேயா என்பது நர்ஸுக்குச் சின்ன விஷயமா?

எண்களும் அப்படித்தான். 92-ஐ ‘நாலு இருபது பன்னிரண்டு’ என்கிற மாதிரிச் சொல்வார்கள் பிரான்ஸில். காங்கோவின் கின்ஷாசாவிலிருந்து வருகிறவர் 70-க்கு ‘செப்தாந்த்’, 90-க்கு ‘நோனாந்த்’ என்பார், பாரிஸ் பாடப்புத்தகம் மட்டும் படித்தவர் முழிப்பார். பிரெஞ்சு லேப் ரிப்போர்ட்டில் சர்க்கரை லிட்டருக்கு கிராம் கணக்கில், தசமத்துக்குக் காற்புள்ளி போட்டு வரும்: 1,26 என்றால் நம்ம ஊர் 126. ‘ஆன்ஜின்’ என்று எழுதியிருந்தால் தொண்டை அழற்சி. அதை ஆங்கில ‘ஆஞ்சைனா’ என்று நினைத்து, நெஞ்சுவலி எனப் படித்து ஈ.சி.ஜி.க்கு அனுப்புகிறவர்கள் ஆங்கிலத்தில் கெட்டிக்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

இப்போது ‘ஒரே டிகிரி’க்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பகுதி 1 மொழி, பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடம். பகுதி 1-இல் பிரெஞ்சு எடுத்தால் பிரெஞ்சுப் பட்டதாரி ஆகிவிட முடியாது. நர்சிங்கிலும் துணை மருத்துவப் படிப்பிலும் அந்தப் பகுதியே கிடையாது. ஆக, மூன்றையும் தனித்தனியாகத்தான் அடுக்க வேண்டும்.

2022 ஏப்ரலில் யு.ஜி.சி. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகளை அனுமதித்தது. வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டும் நேரடியாக, அல்லது ஒன்று நேரடி, மற்றது தொலைநிலை அல்லது ஆன்லைன். ஆனால் தொழில்முறைப் படிப்புக்கு அந்தந்தக் கவுன்சில் விதிதான் மேலே, அதைக் கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருத்துவப் பக்கம் தொலைநிலை என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பிளஸ் டூ முடித்துச் சேரும் நர்சிங் பட்டம் தொலைநிலையில் கிடையாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உணவு-ஊட்டச்சத்து போன்றவற்றையும் யு.ஜி.சி. அந்த முறையில் நிறுத்திவிட்டது.

அதனால் நடைமுறையில் ஒரு வழிதான் ஓடும். ஹெல்த் படிப்பு கல்லூரியில், நேரடியாக. பிரெஞ்சு சான்றிதழாக, வெளியே. ஆங்கிலத்தில் பட்டமே வேண்டும் என்றால் இக்னோவோ, சென்னைப் பல்கலையின் தொலைதூரக் கல்வியோ. இக்னோ பருவத் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். பிராக்டிகலோடு மோதும் என்பதை முதல் வருஷமே நினைவில் வையுங்கள்.

ஆனால் உண்மையாகவே பி.ஏ. ஆங்கிலம் வேண்டுமா? இலக்கியத்தில் ஆசை இருந்தால் தாராளமாகப் படிக்கட்டும். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு என்றால், கேட்பது ஓ.இ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) மாதிரி தேர்வு. அதன் எழுத்துப் பகுதியில் 45 நிமிஷம்: 5 நிமிஷம் கேஸ் நோட்ஸைப் படிக்க, 40 நிமிஷம் ஒரு கடிதம் எழுத. எந்தத் தகவலை விடுவது என்று தெரிவதுதான் அதில் பாதி வேலை. இங்கே பிள்ளைகள் நோட்ஸில் இருப்பதை எல்லாம் கொட்டிவிட்டு, எதற்காக இந்த நோயாளியை அனுப்புகிறோம் என்பதை மட்டும் கடைசிப் பத்தியில் ஒளித்து வைக்கிறார்கள். வாரம் ஒரு கடிதம், 200 சொல்லுக்குள், யாராவது திருத்தித் தரட்டும். அது போதும்.

பிரெஞ்சுக்குக் கணக்கு எளிது. பி2 நிலைக்கு (ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளில் நான்காவது) சுமார் 600 மணிநேரம் வகுப்பு ஆகும். நாலு வருஷம், வாரம் 3 மணிநேரம், வருஷத்துக்கு 50 வாரம்: சரியாக வருகிறது. விட்டு விட்டுப் படித்தால் வராது. வேலைக்கு ஏ2 ஒன்றும் செய்யாது, அதோடு நிறுத்துவதாக இருந்தால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். பிரெஞ்சுச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வில் நாலு பகுதி, ஒவ்வொன்றும் 25. மொத்தம் 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. நம்ம பிள்ளைகளை அடிப்பது கேட்டல் பகுதிதான். வகுப்புக்கு நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையம் இருக்கிறது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் ஆயிரம் விளக்கு வரை ஒரே வண்டி, அங்கிருந்து ஆட்டோ.

கனடாக் கனவுக்காரர்களுக்கு இரண்டே வார்த்தை. டெல்ஃப் ஆயுளுக்கும் செல்லும், ஆனால் கனடா மத்திய அரசின் குடியேற்றத் திட்டங்களுக்கு அதை எடுக்க மாட்டார்கள். அதற்கென்றே உள்ள பிரெஞ்சுத் தேர்வுகளான டி.இ.எஃப். கனடா அல்லது டி.சி.எஃப். கனடாதான், இரண்டு வருஷம்தான் செல்லும். ஆகவே விண்ணப்பிக்கும் நேரத்தில் எழுதுங்கள், முன்கூட்டி எழுதிப் பணத்தைக் கரைக்காதீர்கள். இன்னொன்று, அங்கே ‘ஹெல்த் சயின்சஸ்’ என்ற பட்டம் பொதுப் பட்டம். ஒட்டாவா பல்கலையில் அதை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ படிக்கலாம், நல்ல படிப்பு. அதை முடித்தால் நர்ஸ் ஆக முடியாது. அதற்கு நர்சிங் தனி. இதை விளக்காமல் லட்சக்கணக்கில் பணம் கட்டவைக்கும் ஏஜென்ட்டைப் பார்த்தால் எனக்கு வரும் கோபத்தை இங்கே எழுத முடியாது.

வெளிநாடு போகாமலும் இந்தச் சேர்க்கைக்கு வேலை உண்டு. மொரிஷியஸ், மடகாஸ்கர், காங்கோ நோயாளிகளைப் பார்க்கும் பெரிய மருத்துவமனைகளின் வெளிநாட்டு நோயாளிப் பிரிவு ஒன்று. மருந்துப் பாதுகாப்பு நிறுவனங்களில் பிரெஞ்சில் வரும் பக்கவிளைவு அறிக்கைகளைப் பதிவது இன்னொன்று. மருத்துவப் பதிவுகளைக் குறியீடாக மாற்றும் மெடிக்கல் கோடிங்கை இதில் சேர்க்காதீர்கள், இங்கே நடப்பது பெரும்பாலும் அமெரிக்க வேலை, பிரெஞ்சுக்கு அங்கே இடமில்லை.

கடைசியாக ஒரு கெஞ்சல். சேர்க்கை முடிந்த முதல் மாதத்தில் பிள்ளையைப் பிரெஞ்சு வகுப்பில் தள்ளாதீர்கள். கிளினிக்கல் போஸ்டிங் (மருத்துவமனைப் பயிற்சி) அட்டவணை கைக்கு வரட்டும். எந்த இரண்டு நாள் மாலை காலியாக இருக்கிறது என்று அதில் பென்சிலால் குறியுங்கள். பிறகு வகுப்புக்குப் பணம் கட்டுங்கள்.