எலுமிச்சை எண்ணெயும் அடுப்பின் வெப்பமும்

புளியங்குடி எலுமிச்சையின் தோலில் உள்ள எண்ணெயில் லிமோனீன், பீட்டா பைனீன், காமா டெர்பினீன், சிட்ரால் எனப் பல சேர்மங்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது வாயு வண்ணப்பிரிகைக் கருவி. ஆய்வகத்தார் வழக்கில் ‘ஜி.சி.’. அது தரும் வரைபடத்தில் ஒவ்வொரு சேர்மமும் ஒரு முகடாக எழுகிறது. முகடு எழும் நிமிடத்தைச் சேர்மத்தின் அடையாளமாகவே கொள்வோர் உண்டு. ஆனால் அந்த நிமிடம் கருவி இயக்கப்பட்ட நிலைமைகளையும் பொறுத்தது.

கருவியின் அடுப்புக்குள், பொதுவாக 30 மீட்டர் நீளமும் 0.25 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட சிலிக்கா நுண்குழாய் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஆவியான எண்ணெயை ஒரு வாயு அதன் வழியே சுமந்து செல்ல, ஒவ்வொரு சேர்மமும் உட்சுவரில் பூசிய படலத்தில் கரைவதும் வாயுவுக்குத் திரும்புவதுமாக நகர்கிறது; படலத்தில் அதிக நேரம் தங்குவது பிந்தி வெளிவருகிறது.

இதில் வெப்பநிலையின் ஆட்சியே பெரிது. அடுப்பின் வெப்பத்தை ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி உயர்த்தினாலே, சேர்மம் படலத்தில் தங்கும் நேரம் பாதியாகக் குறைந்துவிடும். குறைந்த வெப்பத்திலேயே நிறுத்தினால், 176 டிகிரியில் கொதிக்கும் லிமோனீனும் 183 டிகிரியில் கொதிக்கும் காமா டெர்பினீனும் தெளிவாகப் பிரியும். 229 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் சிட்ராலோ நெடுநேரம் கழித்து, அகன்று தட்டையான முகடாக வரும். எனவே 60 டிகிரியில் தொடங்கி நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் ஏற்றுவது வழக்கம். இந்த அடுப்புகள் அறை வெப்பத்தைவிடச் சில டிகிரி மேல் வரைதான் தாமாகக் குளிரும் என்பதால், நெல்லைச் சீமையின் சித்திரை வெயிலில் குளிர்சாதனம் நின்றுபோன அறையில் 40 டிகிரித் தொடக்கம் கேட்கும் ஆய்வுமுறை எளிதில் கைகூடாது.

வாயுவின் வேகமும் முகட்டின் அகலத்தை மாற்றும். மிக மெதுவாகச் சென்றால் மூலக்கூறுகள் குழாயின் நீளவாக்கில் பரவிவிடும். மிக வேகமாகச் சென்றால் படலத்துக்கும் வாயுவுக்கும் இடையே சமநிலை எய்த அவகாசம் இராது. இரண்டுக்கும் இடைப்பட்ட உகந்த வேகத்தைக் காட்டும் சமன்பாட்டை வான் டீம்டரும் உடன் ஆய்ந்தோரும் 1956-இல் தந்தனர். அந்த வேகம், சுமக்கும் வாயு நைட்ரஜனானால் நொடிக்குச் சுமார் 12 சென்டிமீட்டர், ஹீலியத்துக்கு 25, ஹைட்ரஜனுக்கு 40. சூடேறச் சூடேற வாயுவின் பாகுநிலை (ஓட்டத்துக்குத் தரும் உள்தடை) கூடுவதால், அழுத்தத்தை மட்டும் மாறாமல் வைத்தால் ஓட்டம் தளரும் என்பதும் பலர் மறப்பது.

கருவிக்குள் செலுத்தும் எண்ணெயின் அளவு மிகுந்தால், எண்ணெயில் பெரும்பங்கான லிமோனீனின் முகடு சாய்ந்து அண்டை முகடுகளை விழுங்கிவிடும்.

ஆகவே நிமிடத்தை மட்டும் ஒப்பிடாமல், வேதியியலாளர் கோவாட்ஸ் 1958-இல் வகுத்தபடி, நேர்ச்சங்கிலி ஆல்கேன்களை (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கொண்ட சேர்மங்களை) அளவுகோலாக்கி, அவற்றுக்கிடையே ஒரு சேர்மம் எங்கே வெளிவருகிறது என்பதைக் காட்டும் குறியீட்டெண்ணைக் கணக்கிடுவர். முனைவற்ற (மூலக்கூறில் மின்னேற்றம் சமமாகப் பரவிய) படலத்தில் லிமோனீனுக்கு அது சுமார் 1030. முனைவுள்ள படலத்தில் 1200-ஐ ஒட்டியது. குழாயின் வகையைக் குறிப்பிடாத அறிக்கையில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் உறுதிசெய்ய முடியாது.