தண்ணீரைச் சுவைத்த தேயிலை வணிகர்கள்

லண்டனில் வாங்கிய தேயிலையைக் கிளாஸ்கோவுக்கு எடுத்துச் சென்று போட்டால், நிறமும் சுவையும் வேறாக இருக்கும். லண்டனின் குடிநீர் சுண்ணப்பாறை நிலங்களில் ஊறி ஆறுகளில் சேர்வதால், அது கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுந்த கடினநீர். கிளாஸ்கோவுக்குக் கேட்ரின் ஏரியிலிருந்து வருவதோ மென்னீர். 1886-இல் சார்லஸ் டெய்லர் தம் சகோதரரோடு தொடங்கிய வணிகம், அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்பத் தேயிலையைக் கலந்து கொடுத்தே பெயரெடுத்தது.

அந்தக் கலவைக்குப் பின்னால் இருப்பது வேதியியல். பறித்த இலையை உருட்டி நசுக்கும்போது செல்கள் உடைந்து, அவற்றிலுள்ள கேட்டசின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள் நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் வினைபுரிந்து, தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்னும் இருவகைப் பொருள்களாகின்றன. பொன்னிறமான தியாஃபிளேவின் தேநீருக்குப் பளிச்சென்ற தெளிவையும் நாவைச் சுண்டும் துவர்ப்பையும் தருகிறது. செம்பழுப்பான தியாரூபிஜின் அடர்நிறத்தைத் தருகிறது. கடினநீரின் பைகார்பனேட் தேநீரின் இயல்பான அமிலத்தன்மையைத் தணித்துவிடுவதால், அந்தப் பளிச்சிடல் போய்ச் சாறு கறுத்து மங்குகிறது. போதாக்குறைக்கு, கால்சியத்தின் முன்னிலையில், தேநீரிலுள்ள பாலிஃபீனால்கள் (கேட்டசின் முதலியவை அடங்கிய சேர்மக் குடும்பம்) காற்றோடு வினைபுரிந்து, கோப்பையின் மேல் ஆடைபோல் படர்கின்றன. (சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் ஆடை கலைவதையும் நிறம் வெளிறுவதையும் வீட்டிலேயே பார்க்கலாம்.) ஆகவே கடினநீர் ஊர்களுக்கு, அந்த நீரிலும் சுவை அமுங்காத இலைகளை வணிகர் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

தேடுவதற்கு நாக்கைவிட்டால் வேறு கருவி இல்லை. சுவைத்துப் பார்ப்பதற்கான தேநீரைப் போடும் முறைக்கு 1980-இல் வெளியான பன்னாட்டுத் தரநிலை, 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிட ஊறல் என்று வரையறுக்கிறது. சுவைப்பவர் கரண்டியால் எடுத்துச் சத்தத்தோடு உறிஞ்சுவது நாகரிகக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் அவ்வாறு உறிஞ்சும்போதுதான் சாறு நுண்துளிகளாகச் சிதறி, அதன் மணம் தொண்டையின் பின்புறமாக மூக்கைச் சென்றடைகிறது. மழைக்கும் பருவத்துக்கும் ஏற்ப ஒரே தோட்டத்து இலையும் மாறிக்கொண்டிருப்பதால், கலவையின் விகிதத்தை எழுதி வைத்துப் பயனில்லை. சுவையைத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

1706-இல் லண்டனின் ஸ்ட்ராண்ட் தெருவில் தாமஸ் ட்வைனிங் தொடங்கிய கடையில், பெட்டிகளை விரித்து வைத்து, வாடிக்கையாளர் எதிரிலேயே இலைகளைக் கலந்து, அவர் நாவுக்குப் பிடிக்கும் வரை மாற்றி மாற்றிச் சுவைக்கக் கொடுத்ததைப் பேரர் ரிச்சர்ட் பின்னாளில் எழுதி வைத்தார். இரண்டு தலைமுறைகளுக்கும் இடையில், 1762 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள், கடையை நடத்தியவர் ரிச்சர்டின் தாய் மேரி. டெய்லர் வணிகம் 1962-இல் பெட்டிஸ் என்ற மற்றொரு குடும்ப நிறுவனத்தோடு இணைந்தது. கடினநீருக்கென்றே தனிக் கலவை ஒன்றை அது இப்போதும் விற்கிறது.