தூங்கும் வண்டியைத் தட்டி எழுப்புவது எப்படி?

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு தொண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: மீன் ஏற்றும் வண்டியை 61 நாளும் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாராம், ஜூன் 15 காலையில் சாவியைத் திருப்பினால் பேட்டரி சுத்தமாகக் காலி. சாவியே போடாத வண்டியில் கரண்ட் எங்கே போனது? திருஷ்டி, எலுமிச்சம்பழம் கட்டு என்றார்களாம் அக்கம்பக்கத்தில். கட்டிவிட்டால் அதோடு தேடுவது நின்றுவிடும், எனக்கு அதுதான் வருத்தம்.

இன்றைய வண்டியில் என்ஜின், பிரேக், கதவு என ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிக் கணினி. இவை பேசிக்கொள்வது கேன் எனப்படும் முறுக்கிய இரண்டு கம்பிகளில். பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. கணினிக்கு வாயும் காதும் டிரான்ஸீவர் என்ற சிப். செய்தி எல்லாமே 1, 0 என்ற வரிசைதான்: 1 என்றால் இரண்டு கம்பியும் 2.5 வோல்ட்டில் சும்மா இருக்கும், 0 என்றால் ஒன்று 3.5க்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும். விழித்திருந்தால், பேசாவிட்டாலும் சில மில்லி ஆம்பியர் இழுக்கும். 5 என்றே வைத்தாலும் 61 நாளில் 7 ஆம்பியர்-மணிக்கு மேல், அதுவும் ஒரு சிப்புக்கு.

அதனால் வண்டியைப் பூட்டிய கொஞ்ச நேரத்தில் சிப் வாயை மூடிக்கொள்ளும், கம்பியை 0 வோல்ட்டுக்கு இறக்கிவிடும், ஒரு சின்னக் காதை மட்டும் திறந்து வைக்கும். செலவு மொத்தமே 10, 15 மைக்ரோ ஆம்பியர்தான்!

அந்தச் சின்னக் காதுக்குப் பேச்சு புரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அப்படியானால் எதற்கு எழுவது? தங்கச்சிமடத்தில் நடுச்சாமத்தில் கடலுக்குக் கூப்பிட ஆள் வந்து கதவைத் தட்டுவதை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு 'டம்' என்றால் வாடைக்காற்றாக இருக்கலாம், புரண்டு படுத்துவிடலாம். தட்டு, சின்ன இடைவெளி, மறுபடி தட்டு என்றால் வந்திருப்பது ஆள்தான். சிப்பும் இதையேதான் பார்க்கிறது: 0, 1, 0. இதில் 0 தட்டு, 1 அமைதி. அரை மைக்ரோ நொடிக்கும் குறைவான துடிப்பைச் சீண்டாது, 5 மைக்ரோ நொடியைத் தாண்டினால் கட்டாயம் கணக்கில் எடுக்கும், இரண்டுக்கும் நடுவில் சிப்புக்குச் சிப்பு மாறும். மூன்றும் சில மில்லி நொடிக்குள் முடியாவிட்டால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. பழைய சிப்புகள் பல ஒரே தட்டுக்கு எழுந்துவிடும், கம்பி ஷார்ட்டாகி 0-விலேயே சிக்கிக்கொண்டாலும் ஆள் வந்ததாக நினைக்கும். புதியதற்கு நடுவில் அந்த அமைதி வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, இதற்கெனத் தனி மணி எதுவும் கிடையாது. சாதாரணச் செய்திகளிலேயே பெரும்பாலும் இந்தத் தட்டல் இருக்கும். முதல் செய்தி தூக்கத்தில் வீணாகும், கேட்டதாக யாரும் பதில் சொல்லாததால் அனுப்பியவர் தானாகவே திரும்ப அனுப்புவார், அதற்குள் எல்லாரும் எழுந்திருப்பார்கள்.

சரி, தொண்டி வண்டிக்கு வருவோம். தூங்காத கணினி ஒன்று இருந்தால் போதும், மற்றவை எல்லாம் விழித்தே கிடக்கும். மண்டபத்தில் ஒரு நண்பரின் வண்டியில் கதவுச் சாக்கெட்டைப் பிரித்தோம், உப்புக்காற்றில் பின்கள் பச்சைக் களிம்பு பூத்திருந்தன. கதவு திறக்கிறது, மூடுகிறது என்று நினைத்துக்கொண்டு கதவுக் கணினி ராத்திரி முழுக்க எல்லாரையும் எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

பேட்டரியின் மைனஸ் கம்பியில் ஆம்பியர் மீட்டரைத் தொடராகப் போடுங்கள், வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் பொறுங்கள். 100 மில்லி ஆம்பியர் ஓடினால் 60 ஆம்பியர்-மணி பேட்டரி 25 நாளில் காலி. அப்புறம் பியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள், எதை உருவும்போது மீட்டர் இறங்குகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. மீட்டர் மாட்டியிருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.